எட்டு மொட்டையும் ஒரு டப்பா பித்தளைத் தூளும்

சாயங்காலச் சங்கு ஊதி, ஒர்க்‌ஷாப் ஆட்களெல்லாம் கேட்டைத் தாண்டி, எதிரே டீக்கடையில் பெஞ்சு பிடித்து உட்கார்ந்தாயிற்று. இன்ஸ்ட்ரக்டர் சௌந்தரராஜனுடைய எட்டுப் பயிற்சிப் பையன்கள் மட்டும் வெளியே வரவில்லை. அவர் திரும்பிப் போய்ப் பார்த்தபோது எட்டுப் பேரும் சோதனை அறையில் சட்டையைக் கழற்றிவிட்டுச் சுவரோரமாக நின்றுகொண்டிருந்தார்கள். ஒவ்வொருத்தன் தலையிலும் மஞ்சளாக ஏதோ மின்னியது.

கேட் காவலர் வேலாயுதம் ஒரு பையனின் தலையை விளக்குப் பக்கம் சாய்த்து, பேன் பார்க்கிற மாதிரி முடியை விலக்கிக்கொண்டிருந்தார்.

"இன்னா வேலாயுதம், இன்னாத்துக்குப் பசங்களை நிறுத்தி வச்சிருக்கே?"

"மஞ்சளா கீது சார்."

"பித்தளைப்பா அது. இரும்பை ராவிக்கினு இருந்தவங்களுக்கு இந்த வாரம்தான் பித்தளை குடுத்தேன். அந்தத் தூளு."

"இருக்கலாம் சார். நான் இன்னா தட்டானா? மஞ்சளா இருந்தா நிறுத்துன்னு சொல்லிக் கீறாங்க. இன்னா மஞ்சள்னு பாத்து நிறுத்துன்னு சொல்லல."

தங்கம் எடுக்கிற ஊரில் இந்த வாதத்துக்குப் பதில் கிடையாது. கேட்டைத் தாண்டுகிறவன் தலைப்பாகையை உதறவேண்டும், டிபன் கேரியரைத் திறக்கவேண்டும், செருப்பைத் தட்டிக் காட்டவேண்டும். மாம்பழக் காலத்தில் பல்லிடுக்கில் நார் மாட்டியிருந்தால்கூட வாயைத் திறக்கச் சொல்லி விளக்கடித்துப் பார்ப்பார்கள். அதிலெல்லாம் யாருக்கும் கோபம் வருவதில்லை, பழகிப்போன விஷயம். ஆனால் தங்கக் கேஸ் என்று ஒருவன் பேரில் விழுந்துவிட்டால் அது வேறு. அவனுக்கு மைன்ஸில் வேலை கிடையாது, அவன் தம்பிக்கும் கிடையாது. மைன்ஸ் வேலை இல்லையென்றால் அப்புறம் மாடு மேய்க்கவேண்டியதுதான், அதற்கும் தங்கம் பிரித்த மண்ணைக் கொட்டின அந்த ஊர் சயனைட் மேட்டில் புல் முளைப்பதில்லை.

சௌந்தரராஜன் கெஞ்சிக் கூத்தாடினார். வேலாயுதம் ஒவ்வொரு தலையையும் துணியால் தட்டிவிட்டு, இன்றைக்கு விட்டேன், நாளைக்கும் மஞ்சளாக வந்தால் மேலே எழுதிவிடுவேன் என்று அனுப்பிவைத்தார். பையன்கள் வெளியே வரும்போது டீக்கடையே திரும்பிப் பார்த்தது.

அந்த எட்டுப் பேரும் சௌந்தரராஜன் பெறாத பிள்ளைகள். முன்பெல்லாம் வேலை கற்றுக்கொள்ள ஒர்க்‌ஷாப்பில் சேர்கிற பையன் முதலில் டீ வாங்கக் கற்றுக்கொள்வான். அடுத்தது ஆபீசர் சைக்கிளைத் துடைப்பது, அவர் பங்களா ரோஜாச் செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது. வருஷங்கள் கழித்து, யாராவது பெரியவர் ரிட்டயரானால், அவர் விட்டுப்போன ஸ்பேனரைத் தொட்டுப் பார்க்கலாம். சௌந்தரராஜனே அப்படித்தான் ஃபிட்டரானார். மீசை முளைத்து, அது நரைக்கத் தொடங்குகிற சமயத்தில்தான் ஓர் அரம் அவர் கைக்கு முழுசாகக் கிடைத்தது. அந்த எரிச்சல் அவருக்கு இன்னும் ஆறவில்லை.

பயிற்சிப் பையன்களுக்கு ஒழுங்காக வேலை கற்றுத்தரவேண்டும் என்று சர்க்கார் சட்டம் போட்டதும், அவர் ஒர்க்‌ஷாப் தலைவர் கிளாரன்ஸ் துரையிடம் போய் நின்றார். ஸ்டோர்ஸில் சும்மா கிடக்கிற ஷெட்டைக் கொடுங்கள், இரும்பைக் கவ்விப் பிடிக்க எட்டு வைஸ் கொடுங்கள், பசங்களை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றார். கிளாரன்ஸ் துரைக்கு நம்பிக்கை இல்லை.

"டீ வாங்கறவன்தான் மேன் நல்ல ஃபிட்டர் ஆவான். நானும் டீ வாங்கினவன்தான்."

"அதான் துரை, நீங்க இன்னும் டீயைப் பத்தியே பேசறீங்க."

துரை சிரித்துவிட்டார், அதனால் ஷெட் கிடைத்தது. நிபந்தனையும் கூடவே வந்தது. பெங்களூரிலிருந்து ஒரு பரீட்சைக்காரர் வருவார். எட்டுப் பேரும் தேறினால் ஷெட் நிற்கும், அடுத்த வருஷம் இன்னும் எட்டுப் பேர் சேரலாம். தேறாவிட்டால் ஷெட் திரும்ப ஸ்டோர்ஸுக்கு, பையன்கள் திரும்ப டீ கிளாஸுக்கு.

சௌந்தரராஜனுக்கு வாயால் பாடம் நடத்த வராது. நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசினால் தொண்டை அடைத்துவிடும். அவர் வழி தனி வழி. பையன் வைஸுக்கு இந்தப் பக்கம் நின்று அரத்தின் பிடியைப் பிடித்துத் தள்ளுவான். அவர் அந்தப் பக்கம் நின்று அரத்தின் நுனியைத் தன் இடது கைப் பிடிக்குள் வைத்துக்கொள்வார். அவன் தள்ளத் தள்ள அவர் கையும் கூடவே போய்வரும். நுனி எங்கே தாழ்கிறது, எங்கே எகிறுகிறது என்று அந்தக் கைக்குத் தெரியும். "மட்டம், மட்டம்" என்பதைத் தவிர வேறு பேச்சில்லை. எட்டுப் பேருக்கும் ஒவ்வொருத்தராக, காலையிலிருந்து சங்கு ஊதும்வரை இதே வேலை. அரம் எத்தனையோ தடவை அவர் கைக்குள்ளேயே நழுவி உராய்ந்துகொண்டு போகும், அதை அவர் ஒரு பொருட்டாக நினைத்ததில்லை.

அவர் மனைவி சரோஜம்மாவுக்குத்தான் இது பிடிக்கவில்லை. ஸ்கெலட்டன் லைன் குடியிருப்பில் அவர் வீட்டில் ராத்திரிச் சாப்பாட்டோடு இந்தப் பேச்சும் பரிமாறப்படும்.

"கை இன்னா கை மாதிரியா கீது? எங்கப்பா போட்ட மோதிரம் கிரீஸுக்கும் கரிக்கும் நடுவுல எங்க கீதுன்னே தெரியல."

அந்த மோதிரத்துக்கு ஒரு கதை உண்டு. பங்காருபேட்டை மாமனார், தம் பெண் கையால் சாப்பிட்டால் மாப்பிள்ளை கட்டாயம் பருத்துவிடுவார் என்ற நம்பிக்கையில், தோகை விரித்த மயில் பதித்து, ஒரு சுற்றுப் பெரிதாகவே மோதிரம் செய்து போட்டார். மாப்பிள்ளை பருக்கவில்லை. கல்யாணமான புதிதில் மோதிரம் ஒருநாள் ரசச் சோற்றில் நழுவி, வாய்க்குள்ளேயே போகப் பார்த்தது. அன்றைக்கு இடது கைக்கு மாறியதுதான். அங்கேயும் அது தளர்ந்து சுற்றிக்கொண்டு, கனமான மயில் எந்நேரமும் உள்ளங்கைப் பக்கமே முகத்தை மறைத்துக்கொள்ளும். கழற்றி வைத்தால் மாமனார் வீட்டோடு சண்டை என்று ஊர் சொல்லும். அதனால் சௌந்தரராஜன் கிரீஸ் துடைக்கிற நூல் கழிவில் ஓர் இழை எடுத்து அதைச் சுற்றி இறுக்கிக்கொள்வார். அந்த நூலும் நாலு நாளில் அறுந்துவிடும், இன்னோர் இழை சுற்றுவார்.

வேலாயுதத்துக்கும் அந்த மோதிரத்தைத் தெரியும். இன்ஸ்ட்ரக்டராக முதல் நாள் உள்ளே போனபோது சௌந்தரராஜனின் கையைப் பிடித்துத் திருப்பி, மயிலை நன்றாகப் பார்த்து, "உள்ள போற மயிலு வெளிய வரணும் சார்" என்று கண்டிப்பாகச் சொல்லிச் சிரித்தார். இன்ஸ்ட்ரக்டர் என்றால் ஸ்டாஃப். மறுநாளிலிருந்து சோதனை கிடையாது, ஒரு சலாம்தான்.

இப்போது பையன்கள் பித்தளைக்கு வந்திருந்தார்கள். துருப்பிடித்த இரும்பில் ஆன மட்டும் கற்றாயிற்று, பரீட்சை பித்தளையில்தான் என்று பெங்களூரிலிருந்து சொல்லியிருந்தார்கள். சௌந்தரராஜன் பழைய பம்புகளின் தேய்ந்துபோன பித்தளைப் புஷ் வளையங்களைக் கேட்டு வாங்கி வந்திருந்தார். அந்தத் தூள்தான் இப்போது எட்டுத் தலையிலும் ஏறி உட்கார்ந்துகொண்டது.

ராத்திரி யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தார். மறுநாள் வீட்டிலிருந்த பெரிய தகரத் தொட்டியை ஷெட்டுக்குத் தூக்கிவந்தார். வேலை முடிந்ததும் எட்டுப் பேரும் கை, முகம், தலை எல்லாம் கழுவிக்கொண்டு சுத்தமாக கேட்டுக்குப் போகவேண்டியது. பையன்களும் அப்படியே கழுவினார்கள். தம்மபாலன் என்று ஒருவன், எட்டுப் பேரில் பொறுப்பானவன். பித்தளைத் தூளை வீணாக்கக் கூடாது, ஸ்டோர்ஸில் திருப்பிக் கொடுக்கவேண்டும் என்று சார் சொல்லியிருக்கிறாரே என்று, தொட்டியை ஒரு பக்கம் சாய்த்து, தண்ணீரை மெல்லச் சுழற்றிச் சுழற்றி வடித்தான். அடியில் மஞ்சள் தூள் அழகாகத் தங்கியது. மற்ற ஏழு பேரும் சுற்றி உட்கார்ந்து, "விடாதே, மெதுவா, மெதுவா" என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

அந்த நேரம் பார்த்து செக்யூரிட்டி ஆபீசர் ரவுண்டு வந்தார்.

தொட்டியைச் சாய்த்துத் தண்ணீரைச் சுழற்றி அடியில் மஞ்சளைத் தேக்குவதற்கு அந்த ஊரில் ஒரே ஓர் அர்த்தம்தான் உண்டு. திருட்டுத் தங்கம் அலசுகிறவர்கள் செய்கிற வேலை அது. எல்லோரும் அதை யாருக்கும் தெரியாமல் செய்வார்கள், இவர்கள் பட்டப்பகலில் ஷெட் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு செய்ததுதான் ஆபீசருக்குப் பொறுக்கவில்லை. தொட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். கிளாரன்ஸ் துரை சௌந்தரராஜனைக் கூப்பிட்டு, பசங்களுக்கு என்ன தொழில் கற்றுத்தருகிறாய் மேன் என்று கேட்டார். வீட்டுக்குப் போனால் தொட்டி எங்கே என்று சரோஜம்மா கேட்டாள். 

பிள்ளையார் பிடிக்கப்போய்க் குரங்கு வந்தது என்று அவர் அத்தோடு விட்டிருக்கலாம். ஆனால் தூள் ஒட்டுவது எண்ணெய் தடவிய முடியில்தானே என்று அவருக்குப் பட்டுவிட்டது. முடியே இல்லாவிட்டால்?

மறுநாள் விடிந்ததும் பக்கத்து பாலகாட் லைனில் ஒரு சவரக்கடையில் எட்டுப் பேரும் உட்கார்ந்தார்கள். சவரக்காரரின் கத்தி எந்தக் காலத்தில் தீட்டியதோ, பையன்கள் கண்ணில் தண்ணீர் வராமல் ஒரு தலையும் முடியவில்லை. எரிச்சலுக்குத் தேங்காயெண்ணெயைத் தடவிவிட்டார். அப்புறம் எட்டு மொட்டைகளும் வரிசையாக, தலை குனிந்து, மூக்கை உறிஞ்சிக்கொண்டு ஸ்கெலட்டன் லைன் வழியாக வேலைக்கு நடந்தன. வெட்கத்தில் ஒருத்தனும் வாய் திறக்கவில்லை.

குழாயடியில் பெண்கள் நின்றிருந்தார்கள். மொட்டையைப் பார்த்தால் திருப்பதி என்று நினைக்கலாம்தான். ஆனால் திருப்பதி மொட்டையில் சந்தனம் இருக்கும், முகத்தில் களை இருக்கும், கையில் லட்டு இருக்கும். இங்கே எட்டுப் பிள்ளைகள், எட்டுப் பேர் கண்ணிலும் தண்ணீர், எட்டுப் பேருடைய அப்பன்மாரும் அன்றைக்கு முதல் ஷிஃப்டில் பூமிக்குள்ளே. குடத்தை முதலில் கீழே போட்டவள், எட்டுப் பேரில் ஒருவனான ராஜுவின் அம்மா ரத்தினம்மா. "சுரங்கம் போயிடுச்சுடி" என்று ஒரே ஓட்டமாக, ஆட்கள் சுரங்கத்துக்குள் இறங்குகிற ஷாஃப்டைப் பார்த்து ஓடினாள். லைனே பின்னால் ஓடியது. அம்மாவுக்குச் செய்தி வருவதற்கு முன்னால் பிள்ளை எப்படி மொட்டை போட்டான் என்று நின்று யோசிக்க, அந்த நேரத்தில் யாருக்கும் நிதானமில்லை. பாறை வெடித்து ஆட்களை விழுங்கின நாட்களை நேரில் பார்த்த ஜனங்கள் அவர்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது.

ஷாஃப்ட் வாசலில் கூட்டம் மார்பில் அடித்துக்கொண்டு அழ, மேலே நின்றவர்கள் பயந்து மணியடிக்க, கீழே இருந்தவர்கள் மேலேதான் ஏதோ ஆபத்து என்று கேஜ் கூண்டில் ஏறி மேலே வந்தார்கள். ராஜுவின் அப்பா கேஜிலிருந்து இறங்கியதும் தம் மனைவி தரையில் புரளுவதைப் பார்த்துப் பதறிப்போனார்.

"இன்னாடி, யாருக்கு இன்னா ஆச்சு?"

"உனக்குத்தான்யா" என்று அழுதாள் ரத்தினம்மா.

முதல் ஷிஃப்ட் அரைநாள் நின்றுபோனது.

தம்மபாலன் வீட்டில் வேறு கதை. அவர்கள் புத்த மார்க்கத்துக்காரர்கள். அவன் அம்மா சின்னம்மா அழவில்லை, ஓடவில்லை. வெள்ளைப் புடவை கட்டிக்கொண்டு சௌந்தரராஜன் ஷெட்டுக்கு வந்து கும்பிட்டாள். பையன் துறவு பூண்டது நல்ல காரியம்தான், பெற்ற வயிறு குளிர்ந்துவிட்டது, ஆனால் ஒரே பிள்ளை, பரீட்சை எழுதி, வேலைக்குப் போய், பேரன் பேத்தி எடுத்த பிறகு போகக் கூடாதா என்று மெதுவாகக் கேட்டாள். அவளுக்கு விளங்கவைப்பதற்குள் சௌந்தரராஜனுக்கு நாலு வார்த்தைக்கு மேல் பேசவேண்டியிருந்தது.

இவ்வளவுக்குப் பிறகு சாயங்காலம் எட்டுப் பேரும் கேட்டுக்கு வந்தார்கள். காலையில் தடவிய தேங்காயெண்ணெயில் பகல் முழுக்கப் பறந்த பித்தளைத் தூள் ஒரு துளி விடாமல் அப்பியிருந்தது. சாய்ந்த வெயிலில் எட்டுத் தலையும் கோயில் கலசமாக ஜொலித்தன.

வேலாயுதம் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றார். "சார், இதுக்கு மேல நான் சும்மா இருந்தா என் வேலை போயிடும்" என்றார். குரலில் வருத்தம் இருந்தது.

விஷயம் துரையிடம் போயிற்று. நின்றுபோன ஷிஃப்டுக்குக் கணக்குச் சொல்லவேண்டிய ஆத்திரத்தில் இருந்த துரை, ஷெட்டை அன்றே மூடச் சொல்லியிருப்பார். சௌந்தரராஜன்தான் முந்திக்கொண்டார்.

"மடியில கனமில்ல துரை, வழியில பயமில்ல. ஷெட்டுல கூட்டின தூள் முழுக்க ஒரு டப்பாவுல கீது. அஸே ஆபீசுக்கு அனுப்புங்க. எட்மண்ட் சார் சோதிச்சுச் சொல்லட்டும். அதுல தங்கம் இல்லைன்னா இனிமே யாரும் என் பசங்க தலையைத் தொடக் கூடாது."

"தங்கம் இருந்தா மேன்?"

"இருந்தா நீங்க சொல்றதைக் கேக்கறேன்."

அஸே ஆபீஸ் என்பது கல்லை உருக்கி அதில் எவ்வளவு தங்கம் என்று சொல்லுகிற இடம். அங்கே எட்மண்ட் சொன்னதுதான் தீர்ப்பு. சொந்தத் தம்பி கொண்டுவந்து கொடுத்தாலும் உருக்கிப் பார்த்துவிட்டுத்தான் நலம் விசாரிப்பார். அவரிடம் டப்பா போனது. ஷெட் திறந்த காலத்திலிருந்து பெருக்கின தூள் எல்லாம் அதில் இருந்தது. தங்கம் இருந்தால், கொண்டுவந்தவன் யாரென்று தெரிகிறவரை எட்டுப் பேரின் பெயருமே மைன்ஸ் ஏட்டில் இருக்காது என்று துரை சொல்லிவிட்டார். சௌந்தரராஜன் சிரித்த முகமாக வீட்டுக்குப் போய், ரொம்ப நாளைக்குப் பிறகு இரண்டு உருண்டை களி கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

பரீட்சை நாள் வந்தது. பெங்களூர்க்காரர் ஒல்லியாக, கண்ணாடி போட்டுக்கொண்டு, சிரிக்காதவராக இருந்தார். ஒரு பித்தளைத் துண்டில் பள்ளம் ராவவேண்டும், இன்னொரு துண்டில் மேடு ராவவேண்டும், இரண்டும் கோத்துக்கொண்டால் நடுவில் வெளிச்சம் தெரியக் கூடாது. பரீட்சை நடக்கும்போது இன்ஸ்ட்ரக்டர் உள்ளே இருக்கக் கூடாது என்று வெளியே அனுப்பிவிட்டார்கள். சௌந்தரராஜன் ஜன்னலோரம் நின்றார். உள்ளே அரங்கள் போய்வந்த சத்தத்துக்கு ஏற்றபடி அவருடைய இடது கை காற்றில் தானாகவே போய்வந்துகொண்டிருந்தது. மோதிரத்து நூல் மறுபடி அறுந்து தொங்கியது. அதை இழுத்து இன்னும் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டார்.

பரீட்சைக்காரர் ஒவ்வொரு ஜோடியாக ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். ராஜுவுடையதைப் பிடித்தார், கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி பிடித்தார். தம்மபாலனுடையதைக் கோத்தவர் அதைப் பிரிக்கக் கொஞ்சம் சிரமப்பட்டார். கடைசித் துண்டை வைத்துவிட்டு வெளியே வந்து, எல்லாரும் பாஸ் என்றார். எப்படிச் சொல்லிக் கொடுத்தீர்கள் என்று கேட்டார்.

"சொல்லல சார்" என்றார் சௌந்தரராஜன். "நுனியைப் பிடிச்சிக்கினேன். அவ்ளோதான்."

பையன்கள் மொட்டைத் தலையைத் தடவிக்கொண்டு அசட்டுச் சிரிப்புச் சிரித்தார்கள். டீ வாங்குகிற பையன் என்று இப்போது ஒருத்தனும் இல்லாததால், கிளாரன்ஸ் துரையே போய்ப் பரீட்சைக்காரருக்கும் தமக்கும் டீ வாங்கிவந்தார். சௌந்தரராஜனுக்கு நெஞ்சு நிறைந்துபோனது. இப்படி ஒரு நாளுக்காகத்தான் அவர் உயிரோடு இருந்தார் என்றால் தப்பில்லை.

அந்த நேரத்தில்தான் எட்மண்ட் டப்பாவைக் கையில் எடுத்துக்கொண்டு வந்தார்.

"வெரி சாரி, சௌந்தரராஜன். இருக்கு."

"இன்னா சார் இருக்கு?"

"தங்கம். இரும்பும் பித்தளையும்தான் அதிகம். ஆனா நடுவுல தங்கமும் இருக்கு. நம்பாம ரெண்டாவது வாட்டியும் பண்ணிப் பாத்தேன்."

துரை டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, பரீட்சைக்காரர் பங்காருபேட்டை வண்டிக்குக் கிளம்புவதற்குள் எனக்குப் பேர் தெரியவேண்டும், தெரியாவிட்டால் அவர் பட்டியலில் எழுதின எட்டுப் பெயரையும் அடித்துவிடச் சொல்வேன் என்றார். அவர் குரல் உயரவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

ஷெட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு சௌந்தரராஜன் எட்டுப் பேரையும் கேட்டார். எட்டுப் பேரும் எடுக்கவில்லை என்றார்கள். ராஜு தன் அம்மா மேல் ஆணையிட்டான். தம்மபாலன் ஆணையிடமாட்டான், பொய் சொல்லமாட்டேன் என்று மட்டும் சொன்னான். அவர் ஒவ்வொரு கையாகப் பிடித்துப் பார்த்தார். எத்தனை மாசமாகத் தம் கையோடு போய்வந்த கைகள். எதில் பயம் இருந்தது, எதில் அவசரம் இருந்தது, எதில் சோம்பல் இருந்தது என்று அவருக்குத் தெரியும். திருட்டு எதிலும் இல்லை. இருந்திருந்தால் அரத்தின் நுனி அவருக்குச் சொல்லியிருக்கும்.

பெஞ்சில் உட்கார்ந்தார். சரோஜம்மாவை நினைத்துக்கொண்டார். இந்தப் பையன்களுக்கு இனிமேல்தான் வாழ்க்கை, தனக்குப் பாதி முடிந்துபோன சங்கதி என்றும் நினைத்துக்கொண்டார். அழுகை வரும்போல் இருந்தது. அது வருவதற்குள் எழுந்து கதவைத் திறந்து, நேராக கேட்டுக்கு நடந்தார். துரையும் எட்மண்டும் சோதனை அறையில் இருந்தார்கள். வேலாயுதம் வாசலில் நின்றார்.

"பசங்களை விட்டுருங்க துரை" என்றார் சௌந்தரராஜன். "நான்தான்."

"நான்தான்னா?"

"தங்கம் என்னோடதுதான். நான்தான் கொண்டாந்தேன்."

கிளாரன்ஸ் துரை அவரை மேலும் கீழும் பார்த்தார். "எங்கேயிருந்து மேன்?"

சௌந்தரராஜனுக்கு வேலை தெரியும், பொய் தெரியாது. கல்லிலிருந்து சுரண்டினேன் என்றார். ஒர்க்‌ஷாப் பக்கம் கல் வண்டியே வராதே என்றார் எட்மண்ட். அப்படியானால் வேறெங்கேயோ சுரண்டினேன் என்றார். எதைக் கொண்டு சுரண்டினாய் என்று துரை கேட்டார். அரம் என்றார் சௌந்தரராஜன், அது ஒன்றுதான் அவருக்குச் சட்டென்று ஞாபகம் வந்தது. திறந்த வாசலுக்கு வெளியே எட்டு மொட்டைகளும் வந்து நின்றுவிட்டன. "சார் பொய் சொல்றாரு" என்று தம்மபாலன் உரக்கச் சொன்னான். சௌந்தரராஜன் திரும்பி அவனை ஒரு பார்வை பார்த்தார், அவன் வாயை மூடிக்கொண்டான்.

துரை பெருமூச்சு விட்டார். ஒத்துக்கொண்டவனைச் சோதனை போடாமல் விட முடியாது, வேலாயுதம், உன் வேலையைச் செய் என்றார்.

வேலாயுதத்துக்குக் கை வரவில்லை. இன்ஸ்ட்ரக்டர் ஆன நாளுக்கப்புறம் அவரைத் தொட்டுச் சோதித்ததே கிடையாது. தயங்கித் தயங்கிச் சட்டைப் பையைப் பார்த்தார், ஒரு சாக்குக்கட்டி இருந்தது. மடியைத் தடவினார், நிஜமாகவே கனமில்லை. செருப்பைத் தட்டினார். வாயைத் திறக்கச் சொன்னார்.

"கையை விரிங்க சார்."

சௌந்தரராஜன் வலது கையை நீட்டினார். காய்ப்பு ஏறிய கை, அதில் ஒன்றுமில்லை. இடது கையை நீட்டினார். கறுத்துப்போன நூல் சுற்றின மோதிரத்தை வேலாயுதம் விளக்குக்குக் கீழே கொண்டுபோய், நகத்தால் நூலை நெம்பி அவிழ்த்தார். தம் கைக்குட்டையால் கிரீஸைத் துடைத்தார். ஒரு பக்கம் திருப்பினார், மறுபக்கம் திருப்பினார், மறுபடியும் துடைத்தார். எட்மண்ட் கண்ணைச் சுருக்கிக்கொண்டு கிட்டே வந்தார்.

வேலாயுதம் நிமிர்ந்து சௌந்தரராஜன் முகத்தைப் பார்த்தார்.

"சார், உள்ள போறப்ப இதுல தோகை விரிச்சிக்கினு ஒரு மயிலு இருந்துச்சே, அது எங்க?"